அந்நிய இருதயமும் அகத்துக் காவலும்

அக்கரைப்பற்று முதல் கல்முனை ஈறாக இக்கரையோரத்து ஊர்களில் வாழும் ஜமாஅத்தார்க்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளின் பெரியோர்க்கும், வீடுகளில் நோயாளரைப் பராமரிக்கும் தாய்மார்க்கும்,



பிறர் ஒருவரின் அவயவத்தைத் தம் சரீரத்தினுள்ளே தாங்கிக்கொண்டு வாழ்கின்ற மனிதர்கள் இன்று நமக்குப் புதியவர் அல்லர். சிறுநீரகம் மாற்றப்பெற்றவர்களைப் பெரும்பாலும் எல்லா ஊரவரும் அறிவர். இருதயம் மாற்றப்பெற்றவர்களோ இந்நாட்டில் மிகச் சிலரே. அவர்களை நோய் விசாரிக்கச் செல்கின்ற நாம், மனத்திலே அன்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்களாயிருந்தும், அவர்களுடைய ஜீவனுக்கே ஊறு விளைவிக்கத்தக்க சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம் என்பதே இம்மடலை எழுத என்னைத் தூண்டிய காரணமாகும். "ஒப்பரேஷன் செஞ்சி மூணு வருஷம் போய்த்து, உறுப்பும் ஒட்டித்து, இன்னும் என்னத்துக்கு இந்தக் குளிசையெல்லாம்?" என்று கேட்பவர் ஒருபுறம், "இன்னொருத்தன்ட உறுப்பு நம்மட உடம்புக்குச் சேராது, அல்லாஹ் படைச்ச படைப்பு அப்படி" என்று பெருமூச்சு விடுபவர் மறுபுறம். இவ்விரு கூற்றுக்களிலும் ஒரு துளி உண்மை உண்டு, பெரும்பகுதி தவறு. எது உண்மை, எது தவறு என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், மாற்றி வைக்கப்பட்ட ஓர் இருதயத்தைக் கண்டவுடன் நம் உடம்பின் நிர்ப்பீடனக் கலங்கள் என்ன செய்கின்றன என்பதைச் சற்றுப் பொறுமையோடு கேட்டறிய வேண்டும். சிறுநீரகத்துக்கும் அதுவே நியதி. ஆனால், சிறுநீரகம் கைவிட்டவருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரமாவது இருக்கிறது, இருதயம் கைவிட்டவருக்கோ அப்படி நாடெங்கும் எளிதிற் கிடைக்கும் மாற்று எதுவும் இல்லை என்பதால், அந்த நியதியின் கடுமை இருதயத்திலே தெளிவாகத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஒரு மனிதரின் இருதயம் முதன்முதலாக இன்னொருவருக்கு மாற்றி வைக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கண்டிப் போதனா வைத்தியசாலையில், இருதயச் சத்திரசிகிச்சை நிபுணர் அனில் அபேவிக்கிரம தலைமையிலான குழுவினரால். அம்பாறையைத் தாண்டி, மகியங்கனையைக் கடந்து, பதினெட்டு வளைவுகளை ஏறிக் கண்டிக்குச் சென்று கிளினிக் பார்த்துத் திரும்புகின்ற நம்மவர்களுக்கு அந்த வைத்தியசாலை நன்கு பழக்கமானது. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில், குரூட் ஸ்கூர் வைத்தியசாலையிலே, கிறிஸ்டியான் பார்னார்டு என்னும் வைத்தியர் உலகின் முதல் மனித இருதய மாற்றைச் செய்தது 1967 டிசம்பர் 3ஆந் திகதி. அதற்கும் கண்டிக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. இருதயத்தை அறுத்தெடுத்துத் தைத்து வைக்கும் முறையை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஷம்வேயும் ரிச்சர்டு லோவரும் 1960ஆம் ஆண்டிலேயே நாய்களில் செய்து காட்டிவிட்டார்கள். ஆதலால் கைத்திறமை அந்நாளில் உலகுக்குக் குறைவாயிருக்கவில்லை.

பார்னார்டின் முதல் நோயாளியான லூயி வாஷ்கான்ஸ்கி பதினெட்டு நாள் மட்டுமே உயிரோடிருந்தார். புதிய இருதயம் கடைசிவரையில் நன்றாகவே துடித்தது. அவரைக் கொண்டுபோனது நியூமோனியா. அவ்விருதயத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க வேண்டுமென்று அவருக்கு மிகுதியாகக் கொடுக்கப்பட்ட மருந்துகள், நுரையீரலைக் கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய படையையும் சேர்த்தே முடக்கிவிட்டன. அடுத்த மாதம், 1968 ஜனவரி 2ஆந் திகதி, பிலிப் பிளைபெர்க் என்னும் பல்வைத்தியருக்கு இருதயம் மாற்றப்பட்டது. அந்த இருதயம் கிளைவ் ஹோப்ட் என்னும் கலப்பினத்து இளைஞருடையது. நிறபேதச் சட்டங்கள் கோலோச்சிய அந்நாட்டில், இருவரும் ஒரே கடற்கரையில் ஒன்றாக அமர்ந்திருக்க அனுமதியில்லாத காலம் அது. பிளைபெர்க் பத்தொன்பது மாதங்கள் வாழ்ந்தார். அவர் இறந்த பின் அவ்விருதயத்தைத் திறந்து பார்த்தவர்கள், இருபத்து நான்கு வயதளவே ஆன அந்த இளைஞரின் இருதய நாடிகள் முதியவருடையவை என்று சொல்லத்தக்க அளவுக்குத் தடித்து அடைபட்டிருக்கக் கண்டனர். அதே 1968ஆம் ஆண்டு பெப்ரவரியில் பம்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் பி.கே. சென் செய்த முயற்சியில் நோயாளி சில மணி நேரமே தங்கினார். 1968ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ நூறு பேருக்கு இச்சிகிச்சை நடந்தது. அவர்களிற் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் மறைந்தனர். பின்னர் ஒவ்வொரு வைத்தியசாலையாக இதைக் கைவிட்டுவிட, ஷம்வே போன்ற வெகு சிலரே விடாப்பிடியாய் நின்றனர்.

சத்திர வைத்தியர்களைத் தோற்கடித்த அந்தக் காவலாளர் யார் என்னும் விசாரணை, இருதயத்தில் அன்று, தோலில்தான் தொடங்கியது. இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது, கிளாஸ்கோ நகர வைத்தியசாலையில், தீயினால் கடுமையாக எரிந்துபோன ஓர் இளம் பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து ஒட்டினார்கள். அவை சில நாள் பிழைத்திருந்து பின் அழிந்தன. மீண்டும் அதே சகோதரனின் தோலை ஒட்டியபோது, முன்னையிலும் விரைவாக அழிந்தன. தோமஸ் கிப்சன் என்னும் சத்திர வைத்தியரும் பீற்றர் மெடவார் என்னும் விலங்கியல் அறிஞரும் இதை 1943ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்கள். லெபனான் நாட்டுத் தந்தைக்கு மகனாகப் பிரேசிலில் பிறந்த இந்த மெடவார், அந்த இரண்டாம் முறையின் விரைவிலே முழு இரகசியத்தையும் கண்டுகொண்டார். முதல் முறை கண்டதை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. நினைவு வைத்திருப்பது நிர்ப்பீடனத்தின் சுபாவம். அம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை காணாதிருப்பதும் அதே காரணத்தாலேயே. ஆகவே, ஒட்டிய தோலை அழித்தது யாதொரு சாபமோ பொருத்தக்கேடோ அன்று. அம்மையிலிருந்து நம்மைக் காக்கின்ற அதே அமைப்புத்தான். இதற்காகவும், பிறகு செய்த ஆராய்ச்சிகளுக்காகவும் அவர் 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

யுத்தகாலத்திலே இக்கரையோரத்தில் வளர்ந்த எவருக்கும் சோதனைச் சாவடியை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. பேருந்திலிருந்து எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையை நீட்டச் சொல்லி, அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அந்தச் சாவடிகளைப் போன்ற ஒன்று நம் உடம்பினுள்ளே இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது. செங்குழியம் தவிர்ந்த ஏறத்தாழ ஒவ்வொரு கலமும் தன் மேற்பரப்பில் ஓர் அடையாளப் புரதத்தை ஏந்தி நிற்கிறது; எச்.எல்.ஏ. என்று வைத்தியர்கள் வழங்குகின்ற அந்தப் புரதங்கள் நமது ஆறாவது நிறமூர்த்தத்தில் எழுதப்பட்ட பரம்பரையலகுகளால் ஆக்கப்படுகின்றன. மனித குலத்தில் இவற்றின் வேறுபட்ட வடிவங்கள் 30,000க்கும் மேலாகக் கண்டறியப்பட்டுள்ளன. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக இவை வருவதனால், உடன்பிறந்த இருவருக்கு இவை முற்றும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முற்றும் வேறாயிருக்கும் வாய்ப்பும் நான்கில் ஒன்று. ஒரே தெருவில், ஒரே ஜமாஅத்தில், அடுத்தடுத்த வீட்டிலே பிறந்தவர்களுக்கும் இவை வெவ்வேறாயிருக்கும். இனமும் மதமும் மொழியும் இக்கலங்களுக்குத் தெரியா. தமிழர் சிறுநீரகமென்றும் முஸ்லிம் சிறுநீரகமென்றும் சிங்களவர் சிறுநீரகமென்றும் நாம் பேசுகின்ற பேச்சுக்கு இங்கே யாதொரு ஆதாரமும் இல்லை.

கண்டியிலோ கொழும்பிலோ ஓர் இருதயம் தைத்து முடிக்கப்பட்டு, இறுக்கிய பிடி தளர்த்தப்பட்டு, புதிய எசமானரின் இரத்தம் அதனுள் முதன்முதலாகப் பாய்கின்ற அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள். கொடையாளியின் மார்பை விட்டு எடுத்தது முதல் நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் மீள வேண்டுமென்பது பொதுவான விதி, அதனால்தான் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்த்து இருதயம் தேடிக்கொண்டிருக்க அவகாசம் இருப்பதில்லை, இரத்த வகையும் உருவ அளவும் பொருந்தினாற் போதுமென்று செய்கிறார்கள். பனிக்குளிரிலே இரத்தமின்றிக் கிடந்த தசைக்கு மீண்டும் இரத்தம் வருவதே ஒரு காயம். காயமுற்ற கலங்கள் வெளிவிடுகின்ற பொருள்களை உணர்ந்து, முதலில் வந்து சேர்பவை நடுநிலை நாடி வெண்குழியங்களும் பெருவிழுங்கிகளும். இவை அந்நியர் யார் என்று நுணுகி ஆராய்பவை அல்ல, எங்கே சேதம் உண்டோ அங்கே வருபவை. இதற்கிடையில், கொடையாளியின் இருதயத் தசைக்குள் அவர் உயிரோடிருந்தபோதே காவல் காத்துவந்த கிளைக்கலங்கள் அங்கிருந்து புறப்பட்டு, புதிய உடம்பின் நிணநீர்க்கணுக்களையும் மண்ணீரலையும் சென்றடைகின்றன. இங்கேதான் விபரீதம். அந்தக் கணுக்களில் காத்திருக்கும் டி நிணநீர்க்குழியங்கள் இந்த வந்தேறிகளின் அடையாள அட்டையை வாசிக்கின்றன. சாதாரணமான ஒரு கிருமியின் ஒரு துணுக்கை இனங்காணும் டி குழியங்கள் இலட்சத்தில் ஒன்றிருப்பதே அரிது; இன்னொரு மனிதரின் எச்.எல்.ஏ.யைக் கண்டு கிளர்ந்தெழுபவையோ நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரையில் இருக்கும். எந்தத் தொற்றுநோயும் ஒருங்கே எழுப்பாத அத்தனை பெரிய படையை ஓர் இருதயம் எழுப்பிவிடுகிறது.

எழுந்த குழியங்கள் பெருகுகின்றன. சில நாட்களில் ஆயிரம் மடங்காகி, இரத்தத்தின் வழியே இருதயத்தைத் தேடி வந்து, நாடிகளின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, தசைநார்களுக்கிடையே நுழைகின்றன. கொல்லி வகையைச் சேர்ந்தவை இருதயக் கலத்தோடு ஒட்டி நின்று, அதன் சவ்வைத் துளைக்கும் ஒரு புரதத்தையும், துளை வழியே புகுந்து அக்கலத்தைத் தானாக மடியச் செய்யும் இன்னொன்றையும் செலுத்துகின்றன. உதவி வகையைச் சேர்ந்தவை, பெருவிழுங்கிகளை ஏவியும், பீ நிணநீர்க்குழியங்களைத் தூண்டியும், அவற்றைக் கொண்டு அந்த இருதயத்துக்கெதிரான பிறபொருளெதிரிகளைச் செய்வித்தும், தாக்குதலை இன்னொரு முனையிலும் திறக்கின்றன. கொடையாளியின் கிளைக்கலங்கள் சில வாரங்களில் மறைந்து போனாலும் விவகாரம் முடிவதில்லை. நோயாளியின் சொந்தக் கிளைக்கலங்களே இருதயத்திலிருந்து உதிர்ந்த புரதத் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தம் குழியங்களுக்குக் காட்டிக்கொண்டேயிருக்கின்றன. இருதயம் உள்ளவரையில் துணுக்குகள் உதிரும். துணுக்குகள் உள்ளவரையில் விசாரணை நடக்கும். "உறுப்பு ஒட்டித்து" என்று நாம் சொல்வது தசைக்கும் தையலுக்கும் பொருந்துமேயன்றி, இந்தக் கலங்களுக்கு ஒரு நாளும் பொருந்தாது.

"அப்படியானால் இந்தப் பொல்லாத குழியங்களை அடியோடு ஒழித்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். லண்டன் நகரில் ஜாக் மில்லர் என்னும் ஆராய்ச்சியாளர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பிறந்த உடனேயே சுண்டெலிக் குஞ்சுகளின் மார்பிலிருந்து தைமஸ் என்னும் சுரப்பியை அவர் நீக்கினார். டி குழியங்கள் முதிர்ச்சியடையும் இடம் அதுவே என்பது அன்று எவருக்கும் தெரியாது, பயனற்ற ஓர் எச்சமென்றே பலரும் எண்ணியிருந்தனர். அந்தச் சுண்டெலிகள் வேற்று இனச் சுண்டெலியின் தோலை ஒட்டினாலும் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. வேறொரு சாதிப் பிராணியாகிய எலியின் தோலைக்கூட ஏற்றுக்கொண்டன. ஆனால், மெலிந்து, நோயுற்று, தொற்றுக்களுக்கு இரையாகி, அகாலத்திலே மடிந்தன. அன்பர்களே, வாஷ்கான்ஸ்கியின் நுரையீரலில் நடந்ததும் இந்தச் சுண்டெலிகளுக்கு நடந்ததும் ஒன்றே. அந்நிய இருதயத்தைத் தாக்குகின்ற கலம் தவறு செய்யவில்லை. தான் படைக்கப்பட்ட வேலையைச் செவ்வனே செய்கிறது. அது இல்லாதிருந்தால் நாம் குழந்தைப் பருவத்தையே தாண்டியிருக்க மாட்டோம். இதைச் சொல்வதே இம்மடலின் முழு நோக்கமும் என்று கொண்டாலும் எனக்குச் சம்மதமே; ஏனெனில், இதை உணர்ந்தவர், குளிசை என்பது நோயைக் குணமாக்கிவிட்டு விலகும் மருந்தல்ல, காவலுக்கும் விருந்தினருக்குமிடையே நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஓர் உடன்படிக்கை என்பதைத் தாமாகவே உணர்வார்.

தாய்மார்களுக்கென்று ஒரு விஷயம். கருவிலிருக்கும் சிசு தந்தையின் எச்.எல்.ஏ.யிற் பாதியைச் சுமந்திருக்கிறது; ஆகவே தாயின் காவலுக்கு அது பாதி அந்நியம். இருந்தும் ஒன்பது மாதமும் அது தள்ளப்படுவதில்லை. இந்த அதிசயத்தை மெடவார் 1953ஆம் ஆண்டிலேயே ஒரு கேள்வியாக முன்வைத்தார். நச்சுக்கொடியின் வெளிப்புறக் கலங்கள் வழக்கமான அடையாளப் புரதங்களை மறைத்து வேறொன்றைக் காட்டி நிற்பதும், தாக்குதலை அடக்கும் பணியையே தொழிலாகக் கொண்ட ஒருவகை டி குழியங்கள் கருப்பையிற் கூடுவதும் பிற்காலத்தில் தெரியவந்தன. அவ்வாறு அடக்கும் குழியங்களை 1995ஆம் ஆண்டில் இனங்காட்டிய ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி, அவ்வழியில் உழைத்த அமெரிக்கர் இருவரோடு, 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருக்கிறார். ஆயினும் பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் இரத்தத்தில் கலப்பதனால், பல பிள்ளைகளைப் பெற்றெடுத்த அன்னையரின் இரத்தத்தில் கணவரின் எச்.எல்.ஏ.க்கு எதிரான பிறபொருளெதிரிகள் தங்கிவிடுவதுண்டு. அத்தகைய ஒரு தாய்க்குப் பிற்காலத்தில் அவயவம் வேண்டியதாகி, கணவரோ மகனோ "என்னுடையதை எடுங்கள்" என்று ஓடிவந்தால், வைத்தியர்கள் இருவரின் இரத்தத்தையும் ஒன்றுசேர்த்துப் பரிசோதித்துவிட்டு "இயலாது" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டு அந்த மகனின் பாசத்தையோ அந்தத் தம்பதிகளின் பொருத்தத்தையோ சந்தேகிக்கின்ற பேச்சு எழுமானால், அது பெரும் அநீதி. அவனைப் பெற்றதனாலேயே அவனுடைய சிறுநீரகத்தை அவளால் ஏற்க முடியாமற் போயிருக்கலாம்.

இனி, அந்த உடன்படிக்கையை இயலச் செய்த மருந்துகளின் வரலாறு. நோர்வே நாட்டின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்திலிருந்து 1969ஆம் ஆண்டில் எடுத்துச் செல்லப்பட்ட ஒரு பிடி மண்ணில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து, சுவிட்சர்லாந்தின் சண்டோஸ் நிறுவனத்தார் சைக்ளோஸ்போரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். கிருமிகொல்லியாகும் என்று தேடப்போனது அது. ஜான் பிரான்சுவா பொரெல் முதலானோர் அது டி குழியங்களை அடக்குவதைக் கண்டனர். இங்கிலாந்தில் ரோய் கான் 1978ஆம் ஆண்டில் அதை நோயாளருக்குக் கொடுத்தார். முந்திய மருந்துகள் பெருகும் கலங்களை எல்லாம் பேதமின்றி அழித்தன; இதுவோ, அந்நியனைக் கண்டுவிட்ட டி குழியத்தின் உள்ளே, பெருகு என்னும் கட்டளை கருவைச் சென்றடையாதபடி இடையிலே தடுக்கிறது. ஜப்பானின் சுகுபா மலையடிவாரத்து மண்ணிலிருந்து 1984ஆம் ஆண்டில் கிடைத்த டக்ரோலிமஸ் இன்று பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சிரோலிமஸ் என்னும் இன்னொன்று பசிபிக் மாகடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் தம் அயலாரோடு போராடுவதற்கென்று நுண்ணுயிர்கள் செய்துவைத்த பொருள்கள், எங்கோ ஒரு மனிதரின் மார்பில் இன்னொருவரின் இருதயம் துடிப்பதற்கு உதவுகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் படைத்தவனின் முன் பணிகின்றது.

ஆயினும் இம்மருந்துகள் ஊசிமுனையில் நடப்பவை. அளவு குறைந்தால் இருதயம் தாக்கப்படும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், சீனி வியாதி தோன்றும், கிருமி புகும். ஆகவே இரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். கிளினிக் நாளன்று இரத்தம் எடுத்த பிறகே காலைக் குளிசையை விழுங்கச் சொல்கிறார்கள். அதற்கு மேல், இருதயத்தையே நேரிற் பார்க்கும் வழியொன்றும் உண்டு. ஸ்டான்போர்டில் பிலிப் கேவ்ஸ் 1973ஆம் ஆண்டளவில் புகுத்திய முறை அது. நோயாளி விழித்திருக்கவே, கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய கம்பியொன்றை அங்குள்ள நாளத்தின் வழியே வலது இதயவறைக்குள் செலுத்துகிறார்கள். கம்பியின் நுனியிலுள்ள சிறு வாய் சுவரைக் கவ்வி, ஓரிரு மில்லிமீற்றர் அளவிலான துண்டுகளாக நாலைந்தைக் கொண்டுவருகிறது. அவற்றைச் சீவிச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், இளஞ்சிவப்பாகத் தசைநார்கள் வரிசையாகக் கிடக்க, அவற்றினிடையே கருநீலப் புள்ளிகளாக நிணநீர்க்குழியங்கள் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் இருப்பின் பொறுத்திருப்பர். புள்ளிகள் குவிந்து, பக்கத்துத் தசைநார் சிதைந்து காணப்படின் உடனே மருந்தைக் கூட்டுவர். இதை வகைப்படுத்தி வாசிக்கும் கலையை வளர்த்தவர் மார்கரெட் பில்லிங்ஹாம் என்னும் பெண் வைத்தியர். நோயாளி சுகமாக உலாவிக்கொண்டிருக்கும்போதே தகட்டில் தாக்குதல் தெரிவதுண்டு. "ஆள் நல்லாத்தானே இருக்கார், ஏன் இவ்வளவு தூரம் கூப்பிட்டுக் கஷ்டப்படுத்துறாங்க" என்று முணுமுணுப்பவர்கள் இதைக் கருத வேண்டும். மேலும், மாற்றி வைக்கும்போது இருதயத்தின் நரம்புகள் அறுபடுகின்றன. ஆதலால் ஓய்ந்திருக்கும்போதும் அது நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு என்று சற்று விரைந்தே துடிக்கும். வருடங்கள் கழித்து, பிளைபெர்குக்கு நேர்ந்தது போல நாடிகள் மெல்ல மெல்லத் தடித்து அடைபடும்போது, மற்றவர்க்கு வருகின்ற நெஞ்சுவலி இவருக்குப் பெரும்பாலும் வராது. வலியில்லை என்பது இவர் விஷயத்தில் நலத்துக்குச் சாட்சியாகாது.

இவ்வளவையும் கேட்டருளிய உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. நோய் விசாரிப்பது நமது மார்க்கம் வலியுறுத்திய கடமை. ஆனால் தடிமனும் காய்ச்சலும் உள்ளவர் வாசலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே துஆ செய்வது அந்தக் கடமையை நிறைவேற்றியதே ஆகும். முதல் சில மாதங்களில் கூட்டமாகப் போகாதிருப்பதும், கதவோரத்தில் நின்று சலாம் சொல்லிவிட்டுத் திரும்புவதும் அன்பின் குறைவல்ல. 'உடம்பு பெலனுக்கு' என்றும் 'எதிர்ப்புச் சக்தி கூட' என்றும் சீந்திற் கசாயத்தையும் பல்வேறு தூள்களையும் கொண்டுபோய்க் கொடுப்பது வேண்டாம். எதிர்ப்புச் சக்தி கூடுவதையே அவர் உயிரைக் கொடுத்துத் தடுத்துக்கொண்டிருக்கிறார். நாட்டு மருந்து எதுவாயினும் கிளினிக்கில் கேட்ட பின்னரே. தோட்டத்துப் பம்பளிமாசுப் பழத்தை ஆசையோடு உரித்துக் கொடுக்கிறோம். அப்பழமும் அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்புரூட் பழமும் இம்மருந்துகள் உடம்பிற் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அளவை அபாயமாக ஏற்றிவிடும்.

நோன்பு பற்றி மௌலவிமார்களிடம் தனியே ஒரு விண்ணப்பம். டக்ரோலிமஸ் வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கப்படுவது. நம் நாட்டில் சஹர் முடிவிலிருந்து இப்தார் வரையில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது. தண்ணீரின்றி அவ்வளவு நேரம் இருப்பதும் சிறுநீரகத்துக்குப் பாரம். நோன்பை விடுவதற்குப் பிணியாளருக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை, ரமழான் பிறக்குமுன்பே, இவர்களைப் பெயர் சொல்லாமல் பொதுவாக மிம்பரிலிருந்து எடுத்துரைப்பீர்களானால், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் குளிசையைத் தள்ளிப்போடுகின்றவர் பிழைத்துக்கொள்வார். நோற்க விரும்புபவர் தம் வைத்தியரின் சொற்படி நடக்கட்டும்.

உறுப்பு வழங்குவது கூடுமா என்ற விவாதத்தை இங்கே விரிக்க எனக்கு விருப்பமில்லை. அது அறிஞர்களின் பொறுப்பு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹு கழகம் 1986இல் அம்மானில் மூளைச் சாவு பற்றியும், 1988இல் ஜித்தாவில் உறுப்பு மாற்றுப் பற்றியும் நிபந்தனைகளோடு அனுமதித்துத் தீர்மானித்தது என்பதையும், நமது நாட்டில் இதற்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதென்பதையும் நினைவூட்டுவதோடு நிறுத்துகிறேன். இலங்கைக் கண்தான சங்கம் பாகிஸ்தான் உட்படப் பல முஸ்லிம் நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பிப் பார்வை தந்திருப்பதை நாம் அறிவோம். அப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் காவற் கலங்கள் அங்கே எளிதில் நுழைவதில்லை, பொருத்தம் பாராமலே பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. இருதயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இளைஞர் சிலர் பன்றியின் இருதயம் பற்றி அருவருப்போடும் ஆவலோடும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 2022 ஜனவரி 7ஆந் திகதி, பத்துப் பரம்பரையலகுகள் திருத்தப்பட்ட பன்றியின் இருதயம் டேவிட் பெனட் என்பவருக்கு வைக்கப்பட்டது. அம்முயற்சியில் பார்ட்லி கிரிபித்தோடு முன்னின்றவர், கராச்சி டவ் மருத்துவக் கல்லூரியில் பயின்ற முஹம்மத் முஹியுத்தீன். திருத்தப்படாத பன்றியின் இருதயமாயின், அதன் கலங்களிலுள்ள ஒரு சர்க்கரைக்கெதிராக நம் எல்லாரின் இரத்தத்திலும் முன்னரே இருக்கின்ற பிறபொருளெதிரிகள் சில நிமிடங்களிலேயே அதை அழித்துவிடும். அந்தச் சர்க்கரையை நீக்கியும், மனிதப் பரம்பரையலகுகள் ஆறினைச் சேர்த்தும் அந்த முதல் அழிவைத் தடுத்தார்கள். பெனட் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். நிர்ப்பந்தத்தில் எது ஆகும், எது ஆகாது என்று அறிஞர்கள் ஆராயட்டும். இன்றைய நம் நோயாளருக்கு எட்டும் வழி அதுவன்று.

எட்டும் வழி குளிசைதான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. பாமசி பாமசியாக அலைந்து, கிடைத்த விலைக்கு வாங்கியவர்களும், வாங்க இயலாமல் இரண்டு நேரக் குளிசையை ஒரு நேரமாக்கியவர்களும் எவ்வளவு பேரோ. ஆதலால், நம்பிக்கையாளர் சபைகளைக் கேட்கிறேன். உங்கள் மஹல்லாவில் அவயவம் மாற்றப்பெற்றவர் எவரெவர் என்பதை அவர்களின் சம்மதத்தோடு, இரகசியமாக அறிந்து வையுங்கள். ஒரு மாதத்துக்கான குளிசை எப்போதும் கையிருப்பில் இருக்குமளவுக்கு ஸகாத் நிதியிலிருந்தோ ஸதகாவிலிருந்தோ ஏற்பாடு செய்யுங்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ கிளினிக் போகும் நாளில் வாகனக் கூலியையும், துணைக்குச் செல்பவரின் ஒரு நாட் கூலியையும் பொறுப்பெடுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

வஸ்ஸலாம்.

இங்ஙனம்,
அக்கரைப்பற்றிலிருந்து உங்கள் சகோதரன்